மகிழ்ச்சியைக் கடந்த எதிர்நோக்கு: அகுஸ்தினார் முதல் மோல்ட்மன் வரை

பண்டைய மத்தியதரைக்கடல் உலகின் மெய்யியலாளர்கள் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களானாலும் அவர்களின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: மனிதன் மகிழ்ச்சியாக வாழ்வது எப்படி? உடல் வலியும் மனக்கலக்கமும் இல்லாத நிலையே இன்பம் என்றார் எபிகூரஸ். நல்லொழுக்கம் இருந்தால் போதும், துன்பம் ஞானியைத் தீண்டாது என்றனர் ஸ்டோயிக்குகள். இந்த மண்ணில் வேர்விட்ட கிறிஸ்தவம் வேறொரு குரலோடு வந்தது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரம், படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்கிறது; கண்முன் இருப்பதை யாரும் எதிர்நோக்குவதில்லை என்றும் சொல்கிறது. இவ்வாறு இன்னும் வராத ஒன்றுக்காக உறுதியோடு காத்திருப்பதையே இக்கட்டுரை ‘எதிர்நோக்கு’ என்று குறிக்கிறது. இதைத் திருச்சபை ஒருமுறை பெற்று அப்படியே காத்துவரவில்லை. பலமுறை நழுவவிட்டது, மகிழ்ச்சி பொய்த்துப்போன காலங்களில்தான் அதை மீண்டும் கண்டெடுத்தது.

இந்த மாற்றம் ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்ததை அகுஸ்தினாரிடம் காணலாம். கி.பி. 386இல், மனமாற்றம் அடைந்த சில மாதங்களில், மிலானுக்கு அருகே கசிசியாகத்தில் தம் பிறந்தநாளையொட்டி ஓர் உரையாடலை நடத்தினார். தாய் மோனிக்காவும் மகன் அதெயோதாத்துவும் நண்பர்களும் உடனிருந்தனர். ‘மகிழ்வான வாழ்வு’ என்ற நூலாக உருவான அந்த உரையாடலில், கடவுளை உடையவன் மகிழ்ச்சி உடையவன் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். ஞானியின் உள்ளத்தில் அந்த வாழ்வு இங்கேயே கைகூடும் என்ற தொனி அதில் உண்டு. மறு ஆண்டே மோனிக்கா ஓஸ்தியாவில் இறந்தார். மகனும் இளவயதில் மறைந்தான். 410இல் அலாரிக்கின் விசிகோத்துகள் உரோமை நகரைச் சூறையாட, அகதிகள் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவுக்கு வந்திறங்கினார்கள். அவர்களில் ஒருவரான செல்வக் கைம்பெண் புரோபாவுக்கு, எதைக் கேட்டு மன்றாடுவது என்று விளக்கி, அதற்குள் ஆயராகியிருந்த அகுஸ்தினார் நீண்ட கடிதம் எழுதினார். நாம் விரும்பும் வாழ்வு எது என்று நமக்கே முழுமையாகத் தெரியாது என்கிறது அக்கடிதம். மகிழ்ச்சிக்கு வரையறை தந்த இளைஞரிடமிருந்து இந்த ஆயர் எவ்வளவோ தொலைவு வந்துவிட்டார்.

413இல் தொடங்கிய ‘இறைவனின் நகர்’ நூலின் பத்தொன்பதாம் பகுதியில் அவர் மெய்யியலாளர்களோடு நேருக்கு நேர் மோதுகிறார். உயர்ந்த நன்மை எது என்பது பற்றி 288 கொள்கைகள் சாத்தியம் என்று உரோமை அறிஞர் வார்ரோ கணக்கிட்டிருந்தார். அத்தனையும் இவ்வாழ்விலேயே மகிழ்ச்சியை உருவாக்க முயல்பவை என்று அகுஸ்தினார் ஒதுக்குகிறார். ஞானி தாங்க முடியாத துன்பத்தில் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும் ஸ்டோயிக்குகள், அதே வாழ்வை எப்படி மகிழ்ச்சி என்று அழைக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. உண்மையை அறிய வழியில்லாமல் குற்றமற்றவரையும் வதைக்க ஆணையிடும் நீதிபதியை அவர் சுட்டிக்காட்டும் இடம் இன்றும் நெஞ்சை உலுக்குகிறது. நாம் எதிர்நோக்கில் மட்டுமே மகிழ்ச்சியுடையவர்கள் என்று பவுலின் வழியில் முடிக்கிறார். வாழ்வின் இறுதியில் தம் நூல்களை மறுபரிசீலனை செய்தபோது, கசிசியாகத்தில் சொன்னதைப் பெயர் குறிப்பிட்டே திருத்தினார். ஓர் எழுத்தாளரின் நேர்மைக்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

இடைக்காலத்தில் தாமஸ் அக்குவினாஸ் எதிர்நோக்கின் இலக்கைத் துல்லியமாக வரையறுத்தார்: இன்னும் வராத, அடைய அரிய, ஆனால் அடையக்கூடிய நன்மை. அவநம்பிக்கை ஒருபுறம், எல்லாம் கிடைத்துவிட்டதென்ற துணிச்சல் மறுபுறம். இரண்டுமே அதற்கு எதிரான பாவங்கள். 1336இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆன்மா உலக முடிவுக்குக் காத்திராமல் உடனே கடவுளைக் காணும் என்று வரையறுத்தார். இதன் உள்ளடக்கம் ஆறுதலானதுதான். ஆயினும் மக்கள் பக்தியில் கவனம் மெல்லத் தனியொருவரின் சாவுக்குப் பிந்தைய நிலைக்குச் சுருங்கியது. பவுல் பேசிய படைப்பின் தவிப்பு ஓரத்துக்குப் போனது.

அறிவொளிக் காலத்தில் கான்ட், எதை எதிர்நோக்கலாம் என்பதை மெய்யறிவின் மூன்றாவது கேள்வியாக வைத்தார் (1781). பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாராளவாத இறையியல் இறையரசைச் சமூகத்தின் ஒழுக்க முன்னேற்றமாகவே வாசித்தது. இயேசுவின் அறிவிப்பு அப்படிப்பட்டதல்ல, வரவிருக்கும் முடிவைப் பற்றியது என்று 1892இல் விவிலிய அறிஞர் யோகான்னஸ் வைஸ் நிறுவினார். முதல் உலகப்போர் முன்னேற்றக் கனவைத் தகர்த்தது.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப்போரின் போர்க்கைதி முகாமில் தொடங்கியது. 1926இல் ஹாம்பர்க்கில் சமயப்பற்று அதிகமில்லாத குடும்பத்தில் பிறந்தவர் யூர்கன் மோல்ட்மன். 1943 ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் அந்நகரை எரித்தபோது, பதினேழு வயதில் விமான எதிர்ப்புப் படையின் துணைப்பணியில் இருந்தார். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டுவீச்சில் இறந்தான்; இவர் பிழைத்தார். கடவுள் எங்கே என்றும், நான் மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறேன் என்றும் அன்றிரவு எழுந்த கேள்விகள் அவரை விடவில்லை. 1945இல் பிரித்தானியரிடம் பிடிபட்டு பெல்ஜியத்துக்கும் பின்னர் ஸ்காட்லாந்துக்கும் கொண்டுசெல்லப்பட்டார். பெல்சன், புக்கன்வால்ட் வதைமுகாம்களின் படங்கள் முகாமில் ஒட்டப்பட்டபோது, தோல்வியின் துயரத்தோடு தன் நாட்டின் குற்றமும் அவர்மேல் இறங்கியது.

படைக் குரு ஒருவர் கொடுத்த விவிலியத்தில் 39ஆம் திருப்பாடலின் புலம்பலையும், சிலுவையில் கைவிடப்பட்டவராய்க் கதறிய இயேசுவை மாற்கு நற்செய்தியிலும் வாசித்தார். தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவரைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். 1947இல் இங்கிலாந்தின் ஸ்வான்விக்கில் நடந்த கிறிஸ்தவ மாணவர் மாநாட்டில், ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் துயருற்ற டச்சு மாணவர்கள் அவரைப் போன்ற கைதிகளைத் தேடிவந்து ஒப்புரவுக்குக் கை நீட்டினார்கள். முகாமில் அவர் மகிழ்ச்சி அடைந்தார் என்று சொன்னால் அது பொய்யாகும். கம்பிவேலிக்குள், குற்ற உணர்வோடு, எழுந்து நிற்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

1964இல் வெளியான ‘எதிர்நோக்கின் இறையியல்’ இந்த அனுபவத்தின் நீண்ட சிந்தனை விளைவு. நாத்திக மார்க்சியரான எர்ன்ஸ்ட் ப்ளாக்கின் ‘எதிர்நோக்கின் கோட்பாடு’ அவருக்கு உந்துதல் தந்தது. திருச்சபை மறந்ததை ஒரு நாத்திகர் நினைவூட்டியது சிந்திக்கத்தக்கது. கிறிஸ்துவின் உயிர்ப்பில் ஊன்றிய எதிர்நோக்கு மனிதனை அமைதிப்படுத்துவதில்லை, உள்ளபடி இருக்கும் உலகோடு முரண்பட வைக்கிறது என்பது அந்நூலின் வாதம். எளிய நன்னம்பிக்கையாக இது நீர்த்துப்போகக்கூடும் என்பதால் 1972இல் ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ நூலில் சாவின் பக்கத்தை எழுதினார். அந்நூல் எவ்வளவு தொலைவு சென்றது என்பதை ஒரு நிகழ்வு காட்டும். 1989 நவம்பரில் எல் சல்வதோர் ராணுவம் ஆறு இயேசு சபைக் குருக்களையும் இரு பெண்களையும் கொன்றது. அவர்களுடன் வாழ்ந்தவரும் அப்போது நாட்டில் இல்லாதவருமான இறையியலாளர் யோன் சொப்ரினோவின் அறைக்குள் ஓர் உடல் இழுத்துப்போடப்பட்டது. அலமாரியிலிருந்து விழுந்து இரத்தத்தில் நனைந்து கிடந்தது ‘சிலுவையில் அறையப்பட்ட கடவுள்’ நூல்தான்.

2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கு பற்றி எழுதிய சுற்றுமடல், புரோபா கடிதத்துக்கே திரும்பிச் செல்கிறது. அரசியல் விடுதலையை இறையரசோடு குழப்புவதை அது எச்சரிக்கிறது. இவ்விடத்தில் மோல்ட்மனின் வேகத்தோடு அது ஒத்துப்போவதில்லை. ஆனால் எதிர்நோக்கைத் தனியாளின் மீட்பாகச் சுருக்கிய பழக்கத்தை அதுவும் கண்டிக்கிறது. தொடக்கத்திலேயே சூடானின் யோசபின் பக்கீத்தாவை முன்னிறுத்துகிறது. சிறுமியாகக் கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, சாட்டையடித் தழும்புகளைச் சுமந்தவர் அவர். இத்தாலியில் நீதிமன்றம் அவரை அடிமையல்ல என அறிவித்த பின், 1890இல் திருமுழுக்குப் பெற்று, பின்னர் துறவியானார். தான் அறியப்பட்டவள், அன்பு செய்யப்பட்டவள் என்ற உறுதியே அவருடைய எதிர்நோக்கு. 1947இல் இறந்த அவர் பல ஆண்டுகள் மடத்தின் வாயிலில் பணிசெய்தார். இத்தாலியின் பல ஊர்களுக்கும் சென்று, தனக்குக் கிடைத்தது எல்லாரையும் எட்ட வேண்டும் என்று பேசினார்.