கல்லான மரத்துக்குப் பெயர் என்ன?

புயலில் ஒரு மரம் சாய்ந்தால், இலையையோ பூவையோ பார்த்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவீர்கள். இலை, பூ, பட்டை எதுவுமின்றி அடிமரம் மட்டும், அதுவும் கல்லாகிக் கிடந்தால்?

சேத்தியாத்தோப்பை அடுத்த நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் படிந்திருப்பது கடலூர் மணற்கல். அதே பாறை விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் வெளிப்படுகிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் அங்கே மணலில் புதைந்தன. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களில் ஊறிப் படிந்து அவற்றின் அமைப்பைக் காத்தது. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைக் குறிப்பிட்டார்.

பெயரை எவ்வாறு கண்டனர்? கல்லை ஒளி ஊடுருவும் மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் நோக்கினர். அகன்ற நீர்க்குழாய்த் துளைகள் தெரிந்தால் பூக்கும் மரம். ஒரே சீரான சிறு செல்களே தெரிந்தால் பைன் போன்ற கூம்பு தாங்கும் மரம். இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த திருவக்கரைக் கல்மரம் ஒன்றுக்கு, செல் கொள்கை தந்த ஷ்லைடன் 1855-இல் பெயரிட்டார். 1931-இல் பீர்பல் சாஹ்னி அதை மீண்டும் ஆராய்ந்து 'மெசெம்பிரியாக்சைலான்' பேரினத்தில் சேர்த்தார்.

ஆகவே அங்கு சென்றால், நினைவுக்கென்று ஒரு துண்டும் எடுத்துவராதீர்கள். இன்னும் பெயர் சூட்டப்படாத ஒரு மரத்தின் கடைசிச் சாட்சி அதுவாக இருக்கலாம் அன்றோ!