செராம்பூர் டென்மார்க் விடுதி: ஆற்றங்கரை மரபுச் சின்னமும் வணிக வரலாறும்

முன்னுரை

இந்தியாவில் டேனியர் வரலாற்றை ஆராய்வோர் கோட்டை, தேவாலயம், அச்சகம் ஆகியவற்றையே பெரிதும் சான்றாகக் கொள்வர். பயணிகள் தங்கிய விடுதிகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. மேற்கு வங்கத்தில் ஊக்ளி ஆற்றின் மேற்கரையிலுள்ள செராம்பூரின் டென்மார்க் விடுதி இக்குறையை நிரப்பவல்ல சான்றாகும்.

தோற்றம்

1755இல் தரங்கம்பாடி டேனியர், வங்க நவாபு அலிவர்திகானின் இசைவுடன் செராம்பூரில் குடியேற்றம் அமைத்தனர். கல்கத்தாவில் லண்டன் விடுதியை நடத்திவந்த பார் என்பவர் 1786இல் இங்கு டென்மார்க் விடுதியைத் தொடங்கினார். 'கல்கத்தா கெசட்' இதழில் அவர் வெளியிட்ட விளம்பரம் ஆய்வுக்குரியது. கொடிமரத்தருகே உள்ள மாடிவீட்டில், ஆற்றுவழிப் பயணிகளுக்கு உணவும் உறையுளும், பில்லியர்ட்ஸ் மேசையும், செய்தித்தாள்களுடன் கூடிய காப்பி அறையும் உண்டு என அது அறிவித்தது. அங்குள்ள படித்துறை இன்றும் 'நிசான் காட்' எனப்படுகிறது. 'நிசான்' என்பது கொடியைக் குறிக்கும்.

கொடியும் வணிகமும்

அக்கொடியே ஊரின் வாழ்வுக்கு அடிப்படையாக இருந்தது. ஐரோப்பியப் போர்க்காலங்களில் நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடியின்கீழ்ச் சென்ற சரக்குகள் பாதுகாப்புப் பெற்றன. ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள் தம் தனிச்செல்வத்தை டேனியக் கப்பல்கள் வழியே ஐரோப்பாவிற்கு அனுப்பினர். கல்கத்தாவின் கடனாளிகளும் இங்குப் புகலிடம் தேடினர். இப்பின்னணியில் நோக்கின், காப்பி அறையின் செய்தித்தாள்கள் பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியனவல்ல. போரும் கப்பலும் பற்றிய செய்திகள் வணிகருக்கு முதலாகவே அமைந்தன எனலாம்.

நடுநிலை குலைந்தபோது வணிகமும் குலைந்தது. 1801இல் ஊரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் விரைவில் திருப்பியளித்தனர். 1808 முதல் 1815 வரை மீண்டும் தம் வசம் வைத்திருந்தனர். அதன்பின் வணிகம் பழைய நிலையை எட்டவில்லை. 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே உடன்படிக்கையின்படி 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன.

மீட்பு

பிற்காலத்தில் சிதைவுற்ற இக்கட்டடம், டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், மேற்கு வங்க மரபுரிமை ஆணையம் ஆகியவற்றின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, 2018இல் உணவகமும் தங்கும் அறைகளும் கொண்ட விடுதியாகவே திறக்கப்பட்டது. பழங்கட்டடம் தன் பழைய பயனுக்கே மீள்வது அரிது. ஆயினும் சுவர்களை மீட்பதனாலேயே மரபு காக்கப்பட்டுவிடாது. அவ்விடுதி எழுந்த காரணத்தையும் உடன் உணர்த்துதல் வேண்டும்.

முடிவுரை

1800இல் வில்லியம் கேரி குழுவினரின் அச்சகம் செராம்பூரில் அமைந்ததற்கும், கம்பெனியின் தடை செல்லாத அதே கொடியின் நிழலே காரணமாயிற்று. விடுதியும் அச்சகமும் ஒரே அரசியல் சூழலின் இருவேறு விளைவுகள். எனவே, தரங்கம்பாடியை அச்சு வரலாற்றின் வழியாகவே அறிந்துள்ள தமிழாய்வு, அதன் வணிகச் சான்றுகளையும் செராம்பூருடன் ஒப்பிட்டு ஆராய்தல் பயன்தரும்.