கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்: அமெரிக்கப் பள்ளிகளின் ஒரு நீண்ட வழக்கு



கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் முன்னோர் சொல்வதுண்டு. தேங்காய் ஒருவருடையது, புண்ணியம் வேறொருவருக்கு. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் வரலாற்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் ஒரு பூசலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. மாநிலச் சட்டமன்றம் ஒரு நற்செயலைச் சட்டமாக்குகிறது, பாராட்டைப் பெற்றுக்கொள்கிறது. செலவோ உள்ளூர்ப் பள்ளியின் தலையில் விழுகிறது. பணம் தராமல் கடமையை மட்டும் சுமத்தும் இத்தகைய சட்டத்தை 'நிதியில்லாக் கட்டளை' எனலாம்.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் பள்ளி அமைப்பை முதலில் அறிய வேண்டும். நம் நாட்டில் கல்வி அமைச்சு ஒன்றே பள்ளிகளை நிருவகிக்கிறது. அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே 'பள்ளி மாவட்டம்' என்பது தனியோர் உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலும் ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதனை நடத்துகிறது. நில, வீட்டு உடைமைகளின் மீது விதிக்கும் சொத்துவரியே அதன் பழைய வருவாய். 1940ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறத்தாழ 117,000 பள்ளி மாவட்டங்கள் இருந்தன. பல இணைக்கப்பட்டு, இன்று சுமார் 13,000 எஞ்சியுள்ளன. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவை மாநிலம் உருவாக்கிய அமைப்புகளே. ஆகவே மாநிலம் கட்டளையிட்டால் அவை கீழ்ப்படிந்தே ஆக வேண்டும்.

கட்டளைகள் எல்லாம் வீண் சுமையா? இல்லை. இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். 1970களின் தொடக்கம்வரை உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்குப் பல பள்ளிகள் கதவடைத்தன. அந்நாட்டு நாடாளுமன்றம் 1975இல் பதிவு செய்தபடி, இத்தகைய எட்டு மில்லியன் பிள்ளைகளுள் ஒரு மில்லியன் பேர் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்தனர். 1972இல் தலைநகர் வாஷிங்டனில் நடந்த மில்ஸ் வழக்கில், போதிய பணமில்லை என்று கல்வி வாரியம் வாதிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பணம் குறைவாக இருந்தால் இருப்பதை எல்லாருக்கும் நேர்மையாகப் பகிர வேண்டும். பற்றாக்குறையின் பாரம் முழுவதையும் குறையுள்ள பிள்ளைகளின் மேல் ஏற்றலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

1975 நவம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, குறையுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் இலவசமான, தகுந்த கல்வி வழங்கக் கோரும் கூட்டரசுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். நிறைவேற்ற இயலாத அளவுக்கு இச்சட்டம் வாக்களிக்கிறது என்று அப்போதே அவர் கவலை தெரிவித்தார். ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடுவரை கூட்டரசு தரலாம் என்பது சட்டம் காட்டிய இலக்கு. வழக்கமான ஆண்டு ஒதுக்கீடு அதன்பின் 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குள் வந்தார்கள். அது மாபெரும் வெற்றி. ஆனால் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்றுநர், தனிப் பேருந்து ஆகியவற்றின் செலவில் பெரும்பகுதி மாநிலத்தின் மீதும் உள்ளூர் மாவட்டத்தின் மீதும் விழுந்தது.

இதே காலத்தில் மறுபுறம் வரி எதிர்ப்பு அலை எழுந்தது. கலிபோர்னியாவில் 1978 ஜூனில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்துவரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கியது. பள்ளி மாவட்டங்கள் தாமாக வரியை உயர்த்திச் செலவை ஈடுகட்டும் வழி பெரிதும் அடைபட்டது. கைகளைக் கட்டிவிட்டு மேலும் சுமையை ஏற்றினால் என்ன ஆகும்? எனவே 1979 நவம்பரில் வந்த 4ஆம் முன்மொழிவு ஒரு நெறியை அரசியலமைப்பிலேயே எழுதியது: மாநிலம் புதிய திட்டத்தையோ உயர்ந்த சேவையையோ கட்டளையிட்டால், அதன் செலவை உள்ளாட்சிக்குத் திருப்பித் தர வேண்டும்.

ஏட்டில் எழுதுவது எளிது, ஈட்டுவது கடினம். 1983இல் கலிபோர்னியா, உயர்நிலைப்பள்ளித் தேர்ச்சிக்கு இரண்டு அறிவியல் பாடங்கள் வேண்டும் என்று சட்டமியற்றியது. நல்ல சட்டந்தான். ஆனால் கூடுதல் பாடம் என்றால் ஆய்வுக்கூடம் வேண்டும், கருவிகள் வேண்டும், ஆசிரியர் வேண்டும். அச்செலவு யாருடையது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்கவே 1980களின் நடுவில் தனி ஆணையம் ஒன்று அமைந்தது. மாவட்டங்கள் ஒவ்வொரு செயலுக்கும் மணிக்கணக்கு எழுதி, சான்றிதழ் சேர்த்து, கோரிக்கை அனுப்பின. பணம் கேட்பதற்கே பணம் செலவழிந்தது.

2000களில் நிலைமை மேலும் வேடிக்கையானது. மாநிலம் ஒவ்வொரு கட்டளைக்கும் மாநிலம் முழுமைக்குமாக 1,000 டாலரை மட்டும் ஒதுக்கி, மீதியைப் பிறகு தருவதாகத் தள்ளிவைத்தது. அறவே ஒதுக்கவில்லை என்ற பழி வராது. கொடுத்த மாதிரியும் இருக்கும். இந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் கடன் பில்லியன் கணக்கில் பெருகியிருந்தது. 2012-13ஆம் நிதியாண்டில் மாநிலம் வேறு வழி கண்டது. தனித்தனிக் கோரிக்கைக்கு மாற்றாக, விரும்பும் மாவட்டங்களுக்கு மாணவர் எண்ணிக்கையின்படி ஒரு மொத்தத் தொகை. ஏட்டு வேலை குறைந்தது. எனினும் அத்தொகை, கல்விக்கென 1988ஆம் ஆண்டு முதல் அரசியலமைப்பு உறுதிசெய்துள்ள அதே நிதிக்குள்ளிருந்துதான் வருகிறது. ஒரே பானையிலிருந்து வேறு அகப்பையால் எடுத்துத் தருவதைப் புதுச்சோறு என்று சொல்ல முடியுமா?

மிச்சிகன் மாநிலத்தின் கதை இன்னும் அழுத்தமானது. 1978இல் அங்கே ஹெட்லி திருத்தம் நிறைவேறியது. முன்னரே விதித்த கடமைகளின் செலவில், அவ்வாண்டில் மாநிலம் ஏற்றிருந்த பங்கு பின்னர் குறையக்கூடாது. புதிய கடமைகளின் செலவை மாநிலமே தர வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1980இல், டோனல்டு டுரான்ட் என்ற பள்ளி வாரிய உறுப்பினரின் பெயரால் வழக்குத் தொடங்கியது. சிறப்புக் கல்வியே வழக்கின் மையம். 84 பள்ளி மாவட்டங்கள் அதில் இணைந்தன. சிறப்புக் கல்வி அந்த மாநிலம் தானே 1971இல் கட்டாயமாக்கிய கடமை. ஆனால் அதில் மாநிலத்தின் பங்கு தேய்ந்துகொண்டே வந்தது.

வழக்கு பதினேழு ஆண்டுகள் நடந்தது. தொடங்கியபோது முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தீர்ப்பு வந்தபோது இருபத்துமூன்று வயது இளைஞன். 1997 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் மாவட்டங்களின் பக்கம் நின்றது. சிறப்புக் கல்விச் செலவில் மாநிலத்தின் பங்கு சுமார் 28.6 விழுக்காடு என்றும், சிறப்புக் கல்விப் போக்குவரத்தில் சுமார் 70.4 விழுக்காடு என்றும் உறுதியாயிற்று. மூன்று ஆண்டுகளின் குறைக்காக ஏறத்தாழ 211 மில்லியன் டாலர் தர ஆணை பிறந்தது.

அதே மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கு. இம்முறை 400க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இணைந்தன. மாணவர், ஆசிரியர் பற்றிய விவரங்களைத் திரட்டிக் கணினிவழி அனுப்பும் கடமைக்கு யார் பணம் தருவது என்பது கேள்வி. 2010இல் உச்ச நீதிமன்றம் மாவட்டங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தரவு பதிவு செய்வதும் உழைப்பே, உழைப்புக்கு விலையுண்டு என்பது இத்தீர்ப்பிலிருந்து நாம் கொள்ளும் பாடம். இணையத்தில் விவரம் பதிந்து பழகிய ஆசிரியர்கள் இதை வாசிக்கும்போது பெருமூச்சு விடக்கூடும்.

நியூ ஜெர்சி மாநிலம் மூன்றாவது வழியைக் காட்டியது. பணமில்லாக் கட்டளையைச் செல்லாததாக அறிவிக்கும் அதிகாரத்துடன் அங்கே 1995ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி ஒரு மன்றம் அமைந்தது. அதன் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை. 2011இல் அம்மாநிலம் பகடிவதைக்கு எதிராக மிகக் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பாளர், பயிற்சி, விசாரணை, அறிக்கை எனப் பல கடமைகள். அலமூச்சி என்ற சிற்றூரின் பள்ளி வாரியம் முறையிட்டது. 2012 ஜனவரியில் மன்றம், இது நிதியில்லாக் கட்டளையே என்று தீர்ப்பளித்தது. சட்டம் மாண்டுவிடுமோ என்று பெற்றோர் பலர் அஞ்சினர். ஆனால் சட்டமன்றம் சில வாரங்களிலேயே 1 மில்லியன் டாலர் நிதியை ஏற்படுத்திச் சட்டத்தைத் திருத்தியது. பிள்ளைகளுக்கான பாதுகாப்பு நிலைத்தது. அத்தொகை போதுமா என்பது வேறு கேள்வி. கேட்டிராவிட்டால் அதுவும் வந்திராது.

1995 மார்ச்சில் அதிபர் பில் கிளிண்டன் கையொப்பமிட்ட கூட்டரசுச் சட்டமும் நிதியில்லாக் கட்டளைகளைக் கட்டுப்படுத்த வந்ததே. ஆயினும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களுக்கு அது விலக்களித்தது. அந்த விலக்கு பொருள் பொதிந்தது. பணச்சுமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் உரிமையை நீக்கிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் உள்ளது.

'பள்ளிகளின் சுமையைக் குறைப்போம்' என்ற முழக்கம் எழும்போதெல்லாம் நாம் ஒன்றைக் கேட்க வேண்டும். குறைக்கப் போவது செலவின் சுமையையா, கடமையையா? யாரும் படிக்காத அறிக்கையை நீக்கினால் ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும்; அதனால் பிள்ளைக்கு நன்மை. சிறப்புக் கல்வியை நீக்கினால் பள்ளிக்குப் பணம் மிஞ்சும். பிள்ளை தெருவில் நிற்கும். இரண்டுக்கும் 'சுமை குறைப்பு' என்றே பெயர் வைக்கிறார்கள்.

பணம் தராத கட்டளையால் கடமை நின்றுவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார். பெரும்பாலும் அவர் பெயர் வரவு செலவுத் திட்டத்தில் இருக்காது. மாலையில் தங்கி வேலை செய்யும் ஆசிரியராக இருப்பார். சொந்தப் பணத்தில் பொருள் வாங்கித் தரும் பெற்றோராக இருப்பார். இசைவகுப்போ நூலகமோ இழந்த மாணவராக இருப்பார். இத்தகைய முறையீடுகளில் மாவட்டங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது உணர்ச்சிப் பேச்சன்று. இத்தனை மணி நேரம், இத்தனை ஆள், இத்தனை டாலர் என்று பொறுமையாக எழுதிவைத்த கணக்கு.

ஆதலால் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும், புதிய பொறுப்பு எதுவாயினும், 'இது நல்லதா?' என்ற கேள்வியோடு 'இதைச் சுமப்பவர் யார்?' என்ற கேள்வியையும் குறிப்பேட்டில் எழுதிவைப்போம். முதற் கேள்விக்கு 'ஆம்' என்பதே விடையானால், இரண்டாம் கேள்விக்கும் நேர்மையான விடையைக் கேட்டுப் பெறுவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமை.