சங்கிலியும் அமானிதமும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பியோட இயலவில்லை. 28 உயிர்கள் பறிபோயின.

ஷிபா கிடைக்கும் என்ற நம்பிக்கையே பல குடும்பங்களை ஏர்வாடிக்கு அழைத்து வந்தது. அந்த நம்பிக்கையை நாம் குறைகூறவில்லை. ஆனால் காப்பகம் நடத்தியவரிடம் சாவி இருந்தது. நோயாளியிடம் சொல்கூட இல்லை. அவர் முறையிட்டாலும் அது பிதற்றல் என்றே தள்ளப்படும். குடும்பமோ தொலைவில். ஒருவர் முற்றிலும் பலவீனராகவும் மற்றவர் கேள்வி கேட்பாரின்றியும் இருக்கும் இடத்தில் நம்பிக்கை மட்டும் காவலாகாது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலைப் போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் சிகிச்சை உண்டு என்று எழுதினார். கெய்ரோவில் 1284இல் எழுந்த மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. வக்ஃபு வருவாய் அதைத் தாங்கியது. 12ஆம் நூற்றாண்டில் அல்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், நோயாளியின் இரகசியத்தைக் காப்பதாக மருத்துவரிடம் உறுதிமொழி வாங்கும் பொறுப்பை முஹ்தஸிபிடம் அளித்தது. மருத்துவரை மதித்த அதே சமுதாயம் அவரைக் கண்காணிக்கவும் செய்தது.

ஏர்வாடித் துயரத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அவருடைய இரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது.

இரும்புச் சங்கிலி நீங்கினாலும் ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. பனியன் கம்பெனி வேலையும் கடனும் உறக்கத்தைப் பறிக்கும் நம் நெருப்பெரிச்சல் போன்ற ஊர்களிலும், மனம் தளர்ந்தவர் மனநல ஆலோசகரிடமோ ஓதிப் பார்ப்பவரிடமோ தம் அந்தரங்கத்தைத் திறந்து வைக்கிறார். அது அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு குர்ஆன் (4:58) ஏவுகிறது. அந்தப் பாரம் பெற்றுக்கொண்டவர் மீதே.

ஆகவே அவர் கற்றது என்ன, பதிவு பெற்றவரா, சொன்னது வெளியே போகாதா, தனிமையில் வரச் சொல்வது ஏன், மருந்தை நிறுத்தச் சொல்வது எதனால் என்று கேட்பது அவமரியாதை அன்று. கேட்க இயலாத நிலையில் உள்ளவருக்காகக் குடும்பம் கேட்க வேண்டும். நேர்மையாளர் அக்கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

பலவீனரின் அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.