தீவும் கோடும்: மணமேல்குடிக் கரையிலிருந்து பன்னாட்டு உறவுக் கல்வியை நோக்குதல்

1974 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவாயிற்று. அதுவரை தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கி வட்டத்தைச் சார்ந்திருந்த மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்கள் வழியாகவே புதிய மாவட்டத்திற்குக் கடல் கிடைத்தது. ஐந்து திங்கள் கழித்து, ஜூன் 26, 28 ஆகிய நாள்களில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. கடல் பெற்ற ஆண்டிலேயே அம்மாவட்டத்தின் கடலுக்கு எல்லையும் வந்து சேர்ந்தது. பெருநகரப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த பன்னாட்டு உறவுக் கல்வி இக்கரையை எவ்வாறு வாசித்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் ஆவணம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் கடலற்ற நிலப்பகுதி. எனவே மணமேல்குடியின் கடல்வரலாற்றைச் சமஸ்தான ஆவணங்களில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அது பிரித்தானியத் தஞ்சாவூர் மாவட்டப் பதிவுகளுக்குள், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடப்பட வேண்டியது. இன்றைய மாவட்ட எல்லையை நேற்றைய ஆவணத்தின் மீது ஏற்றிப் பார்க்கும் பழக்கம் நம் வட்டார வரலாற்று ஆய்வுகளில் இன்னும் நீங்கவில்லை.

இந்தியாவில் பன்னாட்டு உறவுகள் தனித்துறையாக வேரூன்றியது தில்லியில். 1955 இல் சாப்ரூ இல்லத்தில் தொடங்கப்பட்ட இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி, 1970 இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அப்பள்ளியின் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை. கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையைக் குறித்து அவர் எழுதிய இரு தொகுதிகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936 இல் வெளியிட்டது. கல்வெட்டுகளின் துணைகொண்டு ஊரையும் சந்தையையும் வணிகத்தையும் ஆராய்ந்த ஒருவரே பின்னாளில் நாடுகளுக்கிடையேயான உறவைக் கற்பிக்கும் நிறுவனத்தைக் கட்டினார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் துறை வளர வளர, ஊரிலிருந்து உலகைப் பார்க்கும் அந்தப் பார்வை பின்தங்கித் தலைநகரங்களின் கடிதப் போக்குவரத்தே முதன்மைச் சான்றாயிற்று.

சென்னையில் நிலைமை சற்று வேறு. அந்நகரம் தானே அயலுறவின் ஒரு தரப்பாக இருந்திருக்கிறது. பாக் நீரிணையின் மீன்பிடிப் பகுதிகளைப் பிரிப்பது குறித்துச் சென்னை அரசின் சார்பாளர்கள் 1921 இல் கொழும்பில் பேச்சு நடத்தினர். அந்த உடன்பாடு இறுதி ஒப்புதல் பெறவில்லை. 2014 ஜனவரியில் இரு நாட்டு மீனவர் சார்பாளர்கள் சந்தித்ததும் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தை நிறுவி இயக்கிய பேராசிரியர் வி. சூரியநாராயண், கச்சத்தீவையும் பாக் விரிகுடா மீனவர் சிக்கல்களையும் இணைத்து 1994 இல் நூல் வெளியிட்டார். மீனவரைத் தலைப்பிலேயே நிறுத்தியது அந்நூலின் சிறப்பு. எனினும் அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த விவாதத்தின் நடுவில் அமர்ந்திருப்பது தீவே.

மணமேல்குடியிலிருந்து பார்த்தால் இந்த நடுவம் பொருந்தவில்லை. கச்சத்தீவு இங்கிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தெற்கே உள்ளது. ஆனால் 1974 ஒப்பந்தம் குறிக்கும் ஆறு புள்ளிகளில் இரண்டாவதையும் (9°57' வ., 79°35' கி.) மூன்றாவதையும் (9°40.15' வ., 79°22.60' கி.) இணைக்கும் கோட்டுப்பகுதி, கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் செல்கிறது. இராமேசுவரத்திற்கு நேர் கிழக்கே இத்தொலைவு 12 கடல் மைல் அளவே. ஒரே ஒப்பந்தம் இரு கரைகளுக்கு இரு வேறு கடல்களைத் தந்துள்ளது. கச்சத்தீவு நாளையே இந்தியாவுக்கு மீண்டாலும், இரண்டாம் மூன்றாம் புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோடு தானாக நகராது. இக்கரைப் படகுகள் பிடிபடும் செய்திகளில் அடிக்கடி வரும் பெயர் நெடுந்தீவு. அது கோட்டுக்கு அப்பால் நெடுங்காலமாகவே இலங்கையின் தீவு.

சட்ட வாசிப்பிலும் இதே சாய்வு உண்டு. இந்திய மீனவரும் வழிபாட்டுப் பயணிகளும் பயண ஆவணமின்றிக் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்னும் 5 ஆம் பிரிவு பற்றி விரிவாக எழுதப்பட்டுள்ளது. மணமேல்குடிக்குக் கூடுதலாகப் பொருந்துவது, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபுவழி துய்த்த உரிமைகளைக் காக்கும் 6 ஆம் பிரிவு. 'கலங்களின் உரிமை' என்பது மீன்பிடிப்பையும் உள்ளடக்குமா, கடந்து செல்வதை மட்டுமா? 1976 மார்ச் 23 அன்று வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிய கடிதங்கள், இந்திய மீனவர் இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பில் அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது என வரையறுத்தன. ஆகவே 1976 ஐ விடுத்து 1974 ஐ மட்டும் முன்வைக்கும் வாதங்கள் பாதிச் சான்றுடன் நிற்கின்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1974 ஆகஸ்டு 21 இல் நிறைவேற்றிய தீர்மானம் பேசப்படும் அளவுக்கு இக்கடிதங்கள் தமிழில் பேசப்படவில்லை.

இழுவைமடி நுழைந்த பிறகு 'மரபு' என்ற சொல்லே மாறிவிட்டது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் நான்கு நாள் என்ற முறை இருப்பதே இக்கரைக்குள் இரு தரப்புகள் உண்டென்பதற்குச் சான்று. இலங்கை 2017 இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடை செய்தபோது, வடமாகாணத் தமிழ் மீனவர் எழுப்பிய குறையும் மணமேல்குடி நாட்டுப்படகுக்காரர் எழுப்பும் குறையும் ஒத்திருந்தன. இரண்டு அரசுகள் என்று தொடங்கும் ஆய்வுச் சட்டகத்தில் இந்த ஒப்புமைக்கு இடமில்லை. நாள் பங்கீட்டு முறை தொடர்பான கூட்டக் குறிப்புகளையும் மீன்வளத்துறைக் கோப்புகளையும் ஒப்பந்த ஆவணங்களாகவே கருதி, 1976 கடிதங்களுக்கு அருகில் வைத்து வாசிக்கும் ஆய்வை அறந்தாங்கி, மணமேல்குடி வட்டங்களிலிருந்து தொடங்க முடியும்.