கப்பலுக்கும் கரைக்கும் நடுவே

பாய்மரக் கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாத இடத்தில் ஆளையும் சரக்கையும் இறக்க ஒரு சிறு படகு வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அந்தப் படகைக் கப்பலே சுமந்து வரும். சென்னையில் அந்தப் படகு உதவவில்லை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த மணல்திட்டில் துறைமுகம் கிடையாது. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில் அதற்கு முன்பே குடியேறிய போர்ச்சுக்கீசியருக்கும் இதே கதைதான். கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க, இடையில் வரிசை வரிசையாக அலை உடைந்துகொண்டிருந்தது.

கப்பலின் படகு வங்கு என்னும் விலாச்சட்டம் வைத்து, ஆணி அடித்துச் செய்தது. ஆழ்கடலுக்கு அந்த விறைப்பு நல்லது; அலை தூக்கி மணலில் அறைந்தால் அதுவே வினை, பலகை பிளந்துவிடும். உள்ளூர் மசூலாப் படகில் வங்கும் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இடுக்கில் நாரைத் திணித்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுகத் தைப்பார்கள். அடி தட்டை. தரை தட்டும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். பலகை அசையும், உடையாது. பதிலுக்குத் தையல்வழி தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், ஒருவர் இறைத்துக்கொண்டே வர வேண்டும். பயணிகளின் கால் நனையாமல் இருக்க அடியில் சுள்ளிக்கட்டுகளைப் பரப்புவதும் உண்டு.

படகைவிட முக்கியம், அதை விடும் ஆள். பின்முனையில் நீண்ட துடுப்போடு தண்டல் என்னும் படகுத் தலைவர் நின்று அலையை எண்ணுவார். பெரிய அலை முதுகுக்குப் பின்னால் எழும்போது துடுப்புகள் நிற்கும். அது கடந்ததும் எல்லாரும் ஒன்றாக வலிப்பார்கள். கணக்குத் தவறினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அதனால் கூடவே கட்டுமரங்களும் போகும், விழுந்தவர்களைத் தூக்க. கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனதும் கட்டுமரக்காரர்களே. நனையாதபடி அதைத் தலையில் கவிழ்த்த கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்கள். கட்டுமரத்துக்கு மூழ்கும் பயமில்லை, ஏறிய தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தோளில் தூக்கி வந்து காயவைக்கலாம். ஆங்கிலம் ‘கட்டுமரம்’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட வேறொரு படகுக்குப் பெயராக்கிவிட்டது. அசலுக்கு உடலே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

அலையைத் தாண்டி இறக்கும் சிரமத்தைக் குறைக்க 1861-இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1875-இல் அடிக்கல் நாட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்தது. மறுபடி கட்டினார்கள். 1904-இல் துறைமுகப் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதன் வாயிலை மாற்றியமைத்த பிறகு கப்பல் உள்ளே வந்தே நின்றது. மசூலாவின் தொழில் போயிற்று. அதே ஸ்பிரிங் 1911-இல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கினார். பொழுதுபோக்குப் பாய்ப்படகுக்குத் துறைமுகச் சுவருக்குள் அடங்கிய நீர் கிடைத்தது. துடுப்புப் படகுக்காரர்கள் அடையாற்றைத் தேர்ந்தார்கள். 1867-இல் பிறந்த மெட்ராஸ் போட் கிளப் இன்றும் அங்கேதான் இருக்கிறது. முகத்துவாரத்து மணல்மேட்டுக்கு உட்புறம் அலை வராது, குறுகலான லேசான படகு போதும். அதே படகை நொச்சிக்குப்பத்துக் கடற்கரையில் இறக்கினால் முதல் அலையிலேயே கவிழும்.

மீனவக் குப்பங்களில் கட்டுமரம் மட்டும் நெடுநாள் நிலைத்தது. மோட்டார் பொருத்த வசதியான பைபர் படகுகள் 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் பெருமளவில் வந்தபின் அதுவும் குறைந்தது. ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் இன்று வரிசையாக நிற்பவை பைபர் படகுகளே. அவற்றை அவிழ்த்துத் தூக்க முடியாது. கரையேற்றப் பல கைகள் சேர வேண்டும்.