களவெட்டிச் சொற்கள்

ஒரு தொழிலைச் செய்வோர் தமக்குள் மட்டும் பயிலும் சொல்லைத் தமிழ் இலக்கணத்தார் குழூஉக்குறி என்பர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இதனைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். தம் கூட்டத்தார் அல்லாதார் அறியாவண்ணம் பேசுதற்கு இத்தகைய சொற்கள் உதவின. ஆனால், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள உழவர் மறைக்க விரும்பியது மனிதரிடமிருந்து அன்று.

இப்பகுதியில் வயற்பரப்பை வட்டை என்பர்; நெற்பயிரையே வேளாண்மை என்பர்; கதிர் மிதிக்கும் களத்தைக் களவெட்டி என்பர். இவை ஊரார் யாவரும் அறிந்தவை. களவெட்டிக்குள் கால் வைத்ததும் வேறொரு வழக்குத் தொடங்கும். அங்கே நெல் 'பொலி' ஆகும். சூடு மிதிக்கும் எருது 'வாரிக்காலன்'. வாயகன்ற கடகம் 'பெருவாயன்'. வைக்கோலைக் கிளறும் கொக்கித்தடி 'வேலைக்காரன்'. பொருள்களை இயற்பெயராற் சுட்டினால் பூதங்கள் கேட்டறிந்து விளைவைக் கவர்ந்து செல்லும் என்பது முன்னோர் நம்பிக்கை. மறைபெயரிலும் மங்கலம் கலந்திருந்தது. பொலிதல் என்றால் பெருகுதல் அன்றோ?

பூதம் பற்றிய இந்நம்பிக்கை இஸ்லாத்துக்கு உரியதன்று. எனினும் முஸ்லிம் உழவரும் தமிழ் உழவரும் இச்சொற்களைப் பொதுவாகவே வழங்கினர். அயல் வயல்களில் ஒரே தொழிலைச் செய்தோர்க்குச் சொல்லும் ஒன்றாகவே அமைந்தது. அது சமயத்தின் வழி வந்ததன்று. தொழிலின் வழி வந்தது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆற்றை மறித்து இவ்வயல்களுக்கு நீர்வளம் பெருக்கியது. பின்னர் எருதின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தது. இன்றோ, அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து மூட்டைக்கு அனுப்புகின்றது. உழவரின் உடல் வருத்தம் குறைந்தது நன்றே. ஆனால் களவெட்டி மறையவே, அதற்குள் மட்டும் வாழ்ந்த சொற்களும் இருப்பிடம் இழந்தன. வாரிக்காலன் இல்லாத களத்தில் அவன் பெயரை அழைப்பார் யார்?

'பறி'யும் 'காரை'யும் இன்றளவும் நமக்குத் தெரிவது, உரையாசிரியர் அவற்றை ஏட்டிற் பொறித்தமையால். களவெட்டியிற் பழகிய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அருகமர்ந்து கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் போதும்; அச்சொற்கள் பிழைத்துக்கொள்ளும்.